பெரிய மூட்டையைப் பிரித்த மாதம்

நவம்பர் 3, திங்கள்

விடுதியில் தண்ணீர் வரவில்லை. பிடித்துவைத்திருந்த ஒரு வாளியில் குளித்து, மிச்சத்தில் இரண்டு துணியும் அலசினேன். அலுவலகத்துக்கு ஒன்பது நாற்பதுக்குத்தான் போக முடிந்தது. யாரும் கேட்கவில்லை. வந்தது தெரியாமல் வந்து உட்காருவது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம்.

புது நோட்டு இது. பழைய நோட்டு அக்டோபரோடு முடிந்துவிட்டது. முதல் பக்கம் என்பதால் வேலையைப் பற்றி ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

நாங்கள் ஏழு பேர். பள்ளிக்கூடங்களில் கிடக்கும் பழைய கணினிகளுக்கு ‘ஏடு’ என்ற இயங்குதளத்தைச் செய்து கொடுக்கிறோம். இருநூற்று அறுபது பள்ளிகளில் ஓடுகிறது. ஒரு மென்பொருளை, அதற்கு வேண்டிய கோப்புகளோடு சேர்த்துக் கட்டி, பள்ளிக் கணினிகள் தாமாக இறக்கிக்கொள்ளும்படி சர்வரில் வைப்பது என் வேலை. அப்படிக் கட்டியதை எல்லோரும் பேக்கேஜ் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் மூட்டை.

இருப்பதிலேயே பெரிய மூட்டையில் தமிழ் விசைப்பலகை, எழுத்துருக்கள், பிழைதிருத்தி, படம் வரையும் நிரல், திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் குரல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. நானூற்றுப் பத்து எம்பி. உள்ளே ஒரு எழுத்தைத் திருத்தினாலும் பள்ளிகள் நானூற்றுப் பத்தையும் மறுபடி இறக்க வேண்டும்.

இன்று ஒரு மின்னஞ்சல். மலைமேல் உள்ள உறைவிடப் பள்ளியின் தமிழாசிரியை, பெயர் மரகதவல்லி. கண் தெரியாதவர். குரலை வைத்துத்தான் தட்டச்சு செய்கிறார்.

“ஆய்த எழுத்து வந்தால் குரல் நின்றுவிடுகிறது. கணினியை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசுகிறது. இந்தக் கடிதத்தில் அந்த எழுத்தை எழுதவில்லை. எழுதினால் கடிதத்தை முடிக்க முடியாது.”

செப்டம்பரிலேயே சரிசெய்யப்பட்ட பிழை, புதுப்பித்துக்கொள்ளவும் என்று பதில் போட்டேன்.

நவம்பர் 5, புதன்

அந்த ஆசிரியையிடமிருந்து மறுபடி கடிதம். பதினோரு முறை முயன்றாராம். அறுபது, எழுபது எம்பி இறங்கியதும் இணைப்பு அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதாம். பென் டிரைவ் அனுப்பலாமா என்று கேட்டிருந்தேன். வைரஸ் வந்ததிலிருந்து பள்ளியில் பென் டிரைவ் போடத் தடை என்கிறார்.

சர்வர் பதிவைப் பார்த்தேன். முப்பத்தேழு பள்ளிகள் இன்னும் ஆகஸ்டு மூட்டையிலேயே இருக்கின்றன. அது இணைப்பு நன்றாக இருந்த நாட்களில் இறங்கியது. எல்லாம் மலை, அல்லது மலையடிவாரம்.

மதியம் சோறு நன்றாக இல்லை.

நவம்பர் 6, வியாழன்

டீ குடிக்கப் போனபோது ரவூஃப் அண்ணாவிடம் கேட்டேன். அவர்தான் எங்கள் குழுத் தலைவர். நடந்துகொண்டே இருந்ததால் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்க முடிந்தது.

“அண்ணா, பெரிய மூட்டையிலிருந்து குரலை மட்டும் தனியாப் பிரிச்சுடலாமா?”

“தனிக்குடித்தனமா?” என்றார். பிரிப்பதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் அது.

“நாலு எம்பிதான் வரும்ணா.”

“நாலு எம்பி இன்னைக்கு. நாளைக்கு எழுத்துரு தனியாப் போறேங்கும். அப்பறம் விசைப்பலகை. ஒவ்வொண்ணுக்கும் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். கட்டறது நீ, சோதிக்கறது பெனிட்டா. எது எதோட சேர்ந்தா சண்டை வரும்னு யாரு பார்க்கறது? ஒரு தடவை பிரிச்சுட்டா மறுபடி சேர்க்கவும் முடியாது, ஞாபகம் வெச்சுக்க.”

பெனிட்டா தூத்துக்குடிக்காரி. சோதனை வேலை முழுக்க அவள் தலையில்தான். “அண்ணன் சொல்லுதது சரிதான். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு பிள்ள” என்றாள்.

ரவூஃப் அண்ணா கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: “சின்னதா இருந்தா நல்லா இருக்கும்னு பிரிக்கக் கூடாது ரேணுகா. ஒண்ணு மட்டும் வேணும், மத்தது வேண்டாம், இல்ல முடியாதுன்னு கேக்கற ஒரு ஆளு இருக்கணும். ஆளைக் காட்டு. பேசுவோம்.”

அந்த ஆசிரியையைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்தப் பிழை, எப்படி வந்தது என்று பேச்சு போகும். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். அறைத் தோழி ஊருக்குப் போயிருக்கிறாள்.

அம்மா போன் செய்தது. “கண்ணு, பக்கத்து வூட்டு அக்கா நீ என்ன வேலை பாக்கறேன்னு கேட்டுச்சு. கம்ப்யூட்டர்ல மூட்டை கட்டறான்னு சொன்னேன். ஐயோ, வேலை போயிருச்சா, எப்ப வருதுன்னு கேக்குது.”

சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “நெசமா ஒண்ணும் இல்லையே?” என்றது. தறிக்குடோனில் வேலை செய்யும் அப்பாவும் இதையே கேட்டாராம்.

ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா என்று ரவூஃப் அண்ணா எழுதித் தர வேண்டும். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாதச் சம்பள வேலை என்றால் ஒருமுறை போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆசிரியையை அழைத்தேன். பேச வேண்டியதை முதலில் தாளில் எழுதிக்கொண்டு மாடிப்படியில் போய் நின்றேன். மூன்று முறை மணி அடித்தது. எடுக்கக் கூடாதே என்று இருந்தது.

“மரகதவல்லி பேசறேன்.”

எழுதியதைப் படித்தேன். அவர் சிரித்தார். “ஏம்மா, பார்த்துப் படிக்கிறீங்களா? எங்க பிள்ளைங்க ஒப்பிக்கிற மாதிரியே இருக்கு.”

பிறகு அவராகவே சொன்னார். அங்கே வினாத்தாளை அந்தந்தப் பாட ஆசிரியரே தட்டச்சு செய்ய வேண்டும். வேறு யாரும் பார்க்கக் கூடாது. ஆறு வருடமாக அவரே செய்து வந்திருக்கிறார். செப்டம்பர் தேர்வுக்கு முடியாமல் இன்னோர் ஆசிரியரிடம் சொல்லச் சொல்ல அவர் அடித்துக் கொடுத்தார். அந்த வினாக்கள் விடுதிப் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்துவிட்டன என்று பேச்சு வந்துவிட்டது.

“தலைமையாசிரியர் தெளிவாச் சொல்லிட்டார். அரையாண்டுக்குப் பத்தாம் வகுப்புத் தாள் இருபத்தொண்ணாம் தேதி, ஒன்பதாம் வகுப்புத் தாள் இருபத்தெட்டாம் தேதி. நானே அடிச்சுக் குடுக்கணும். இல்லாட்டி அந்த வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்துட்டு என்னை நூலகத்துக்கு அனுப்பிடுவார். கண்ணு தெரியாதவ நூலகத்துல என்னம்மா பண்றது?”

“ஆய்த எழுத்து இல்லாம வினாத்தாள் போட முடியாதாங்க டீச்சர்?”

“அஃறிணை இல்லாம இலக்கணம் போடவா? அஃது, இஃது, எஃகு. ஆய்தக் குறுக்கம்னே ஒரு பாடம் இருக்கு. நீங்க தமிழ் வழியா, இங்கிலீஷ் வழியா?”

“தமிழ்தாங்க.”

“அப்ப தெரிஞ்சிருக்கும்.”

தெரியும். பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றேழு.

“இது ஏன் திடீர்னு வந்துச்சும்மா? போன வருஷமெல்லாம் நல்லாத்தானே படிச்சுது?”

பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். அது தாளில் எழுதியிருக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

பழைய நோட்டில் செப்டம்பர் 16ஐப் புரட்டிப் பார்த்தேன். ‘தலைவலி’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

ரவூஃப் அண்ணாவிடம் ஆளைக் காட்டிவிட்டேன். பேசவில்லை, எழுதிக் கொடுத்தேன். முப்பத்தேழு பள்ளிகளின் பட்டியல், ஆசிரியையின் இரண்டு தேதிகள். பட்டியலை இரண்டு முறை படித்தார்.

“சரி. எப்பப் பிரிக்கலாம், எப்பப் பிரிக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம் எழுது. நாளைக்கு இன்னொருத்தன் வந்து கேட்டா அதைக் காட்டுவேன்” என்றார்.

மாலை வரை எழுதி எழுதி அடித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான். அளவு மட்டும் காரணமாகாது, யாருக்கும் வலிக்காத பெரிய மூட்டை அப்படியே இருக்கட்டும். ஒரு பகுதி அடிக்கடி மாறி, மற்றவை மாறாமலே கிடந்தால் பிரிக்கலாம். ஒன்று போதும் என்பவர் மற்றதையும் சுமக்க வேண்டியிருந்தால் பிரிக்கலாம். எப்போதும் சேர்ந்தே மாறுகிற இரண்டைப் பிரிக்கவே கூடாது. பிரித்தபின் பழைய மூட்டையை வைத்திருப்பவருக்கு எதுவும் குறையக் கூடாது.

கடைசி வரியைப் படித்துவிட்டு அவர், “இதுதான் கஷ்டம்” என்றார். “பத்தொன்பதாம் தேதி வெளியிடுவோம். இருபத்தொண்ணுக்குள்ள அந்தம்மாவுக்குப் போயிரும்.”

நவம்பர் 17, திங்கள்

முப்பத்தொரு கோப்புகளைக் குரலின் பக்கம் ஒதுக்கினேன். உச்சரிப்பு அகராதி குரலுக்கும் வேண்டும், பிழைதிருத்திக்கும் வேண்டும். யாரிடம் விடுவது என்று காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். குரலிடம் விட்டேன். மூட்டை மூன்றே முக்கால் எம்பி வந்தது.

கால் வீங்கியிருக்கிறது. நாற்காலியில் ஒரே மாதிரி உட்காருவதால் என்கிறாள் பெனிட்டா.

நவம்பர் 19, புதன்

இன்று வெளியிடவில்லை.

காலையில் பெனிட்டா பழைய கணினி ஒன்றில் ஆகஸ்டு மூட்டையைப் போட்டு, மலைப் பள்ளியில் இருப்பது போலவே வைத்து, என் சின்ன மூட்டையை மட்டும் இறக்கினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குரல் பேசியது. முன்பே அடித்துவைத்திருந்த ‘அஃது’வை வாசித்தது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள்.

பிறகு அவள் முகம் மாறியது.

“ஏ பிள்ள, தமிழ் எங்க?”

விசைப்பலகை இல்லை. எழுத்துருக்கள் இல்லை, திரையில் கட்டம் கட்டமாக நின்றது. பிழைதிருத்தி, படம் வரைவது, ஒன்றும் இல்லை. என் மூன்றே முக்கால் எம்பி உள்ளே வந்து நானூற்றுப் பத்து எம்பியை வெளியே தள்ளியிருந்தது.

காரணம் ஒரே சொல். புது மூட்டை கட்டும்போது பழையதோடு அதற்கு என்ன உறவு என்று ஒரு வரி எழுத வேண்டும். ‘அதிலிருந்த இந்தக் கோப்புகள் இனி என்னுடையவை’ என்பதற்கு ஒரு சொல் உண்டு. ‘அதுவும் நானும் ஒரே கணினியில் இருக்க முடியாது’ என்பதற்கு இன்னொரு சொல். நான் இரண்டாவதை எழுதியிருக்கிறேன். ஒரே கோப்பு இரண்டு மூட்டையிலும் இருந்து அடித்துக்கொள்ளக் கூடாதே என்று பயந்து எழுதியது.

ரவூஃப் அண்ணா வந்து நின்று பார்த்தார். “மருமக தனிக்குடித்தனம் போறேன்னு கிளம்பி, மாமியாரை வீட்டை விட்டே அனுப்பிச்சுட்டா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சொல்லை மாற்ற அரை நிமிடம். “இப்ப அனுப்பிடலாமாண்ணா? இருபத்தொண்ணு...” என்றேன்.

“உறவு வரியை மாத்துனா மூணு விதக் கணினியிலும் முழுசாச் சோதிக்கணும். நாம வெச்ச விதிதான். மலை மேல அந்தம்மா கணினி காலியாச்சுன்னா நானூறு எம்பியை எப்படி ஏத்துவ? இப்பவாவது ஆய்தம் இல்லாமக் கடிதம் எழுதறாங்க.”

அவர் சொல்வதில் தப்பில்லை.

ஆசிரியைக்கு, திங்கட்கிழமைக்குள் வரும் என்று எழுதினேன். ‘சரி’ என்று ஒரே சொல்லில் பதில்.

நவம்பர் 21, வெள்ளி

சோதனை நடக்கிறது. மழை. குடை விடுதியில்.

பத்தாம் வகுப்புத் தாள் இன்று.

நவம்பர் 24, திங்கள்

மூன்று கணினியிலும் சரியாக வந்தது. வெளியிடும் முன் மாற்றக் குறிப்பு எழுத வேண்டும். என்ன மாறியது, ஏன், செய்தவர் பெயர். இது மூட்டையோடு எல்லாப் பள்ளிக்கும் போகும். யாரும் படிப்பதில்லை.

செப்டம்பரில் ‘ஆய்த எழுத்துப் பிழை சரிசெய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். பிழை தானாக வந்து உட்கார்ந்த மாதிரி.

இங்கேயாவது எழுதுகிறேன். ஜூனில் ஒருநாள் பெனிட்டா விளையாட்டாகக் குரலை விட்டு எங்கள் எல்லோர் பெயரையும் வாசிக்க வைத்தாள். ரவூஃப் அண்ணா பெயரை அது ‘ரவூ, அக், பு’ என்று மூன்று துண்டாக வாசித்தது. அறையே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் இரண்டாம் முறை வாசிக்கவிடாமல் ஒலியைக் குறைத்தார். நான் அதைப் பார்த்தேன். ஜூலையில், யாரும் கேட்காமலே, ஆய்தத்துக்குப் பின் பகரம் வந்தால் சேர்த்து வாசி என்று ஒரு விதி எழுதினேன். ஃபோன், ஃபேன், ஃபீஸ், ரவூஃப். எல்லாம் அழகாக வந்தது. பகரம் வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதவே இல்லை. நிரல் அங்கே போய் நின்றுவிடுகிறது. அஃது, எஃகு எதுவும் அன்று என் நினைவுக்கு வரவில்லை. ரவூஃப் அண்ணா கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். இந்த அலுவலகத்தில் அது ஒருமுறைதான் நடந்திருக்கிறது.

செப்டம்பர் 16 அன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாற்றக் குறிப்பில் எழுதினேன்: ‘ஆய்தத்தில் குரல் நின்ற பிழை ஜூலையில் நான் சேர்த்த விதியால் வந்தது. மலைப் பள்ளிகளுக்குத் திருத்தம் சென்று சேரக் குரல் தனியாகப் பிரிக்கப்படுகிறது. ரேணுகாதேவி.’ ரவூஃப் அண்ணாவின் ஒப்புதலுக்கு அனுப்பினேன். அவர் மேசை என் மேசைக்கு எதிரில்தான். அவர் படிப்பதைப் பார்க்காமல் இருக்கத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

பின்னாலேயே வந்தார்.

“பழைய நிரல்ல ஒவ்வொரு வரிக்கும் எழுதுனவங்க பேரு பதிவாயிருக்கும் ரேணுகா. செப்டம்பர்லயே பார்த்தேன்.”

“ஏண்ணா சொல்லல?”

“எம்பேருக்காகப் பண்ணுனது. நான் எந்த வாயால சொல்ல?” பாட்டிலை நிரப்பினார். “நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன். நீயும் சொல்லல, நானும் சொல்லல. பிரிக்க வேண்டாம்னு நான் நின்னதுலகூட அது இருந்துச்சோ என்னவோ.”

ஒப்புதல் கொடுத்தார். பதினொன்று பத்துக்கு வெளியிட்டோம். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மலைப் பள்ளிக் கணினி முழுமையாக இறக்கிவிட்டதாகச் சர்வர் பதிவில் வந்தது. மாலைக்குள் முப்பத்தேழில் இருபத்தொன்பது.

நவம்பர் 26, புதன்

எழுத்துருக்களையும் பிரிக்கலாமே என்று இன்னொரு குழுவிலிருந்து கேட்டார்கள். ஆளைக் காட்டச் சொன்னார் ரவூஃப் அண்ணா. என் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

ஆசிரியையே அழைத்தார். இந்த முறை கையில் தாள் இல்லை.

“ஒன்பதாம் வகுப்புத் தாளை நானே அடிச்சுக் குடுத்துட்டேன்மா. ஒரு இடத்துலயும் நிக்கல.”

“பத்தாம் வகுப்பு டீச்சர்?”

“அது போயிருச்சு. இருபத்தொண்ணு சாயங்காலமே குடுத்துட்டாங்க. அரையாண்டுக்கு மட்டும்னு சொல்றாங்க. திரும்பி வராது.” சாதாரணமாகத்தான் சொன்னார். “ஒன்பது இருக்குல்ல.”

“டீச்சர், அந்தத் தப்பு நான் பண்ணுனது” என்றேன். ஒரு பெயரைச் சரியாக வாசிக்க வைக்கப் போய் வந்தது என்றும், செப்டம்பரிலேயே எனக்குத் தெரியும் என்றும், அன்று போனில் கேட்டபோது மறைத்தேன் என்றும் சொன்னேன். கோவையாகச் சொல்லவில்லை. மாடிப்படியில் யாரோ இறங்கிப் போனார்கள். நான் நிறுத்தவில்லை.

அந்தப் பக்கம் மணி அடித்துப் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. அது ஓய்ந்தபின் பேசினார்.

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நான்தான் தப்பு விசையை அழுத்தறேன்னு நெனச்சேன். விரல் மரத்துப் போச்சு, வயசாயிருச்சுன்னு. ஒரு மாசம் ராத்திரி சாப்பிட்டதும் அந்த ஒரு விசையையே அழுத்தி அழுத்திப் பழகினேன். உங்களுக்கு எழுதறதுக்கே அதனாலதான் அவ்வளவு நாளாச்சு.”

மன்னிச்சிருங்க என்றேன்.

“இன்னும் எந்த எழுத்துல நிக்கும்?”

“தெரியலைங்க டீச்சர்.”

“தெரிஞ்சு சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 29, சனி

விடுமுறை. காவலாளியிடம் சாவி வாங்கி அலுவலகம் போனேன். பெனிட்டாவின் பழைய கணினியில் திரையை அணைத்துவிட்டு, அ-வில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தையும் தனியாக, சொல்லின் நடுவில், சொல்லின் முடிவில் என்று மூன்று தடவை அடித்துக் கேட்கிறேன். மொத்தம் இருநூற்று நாற்பத்தேழு. இதுவரை எங்கும் நிற்கவில்லை, ஆனால் ‘ஙௌ’வை விழுங்குகிறது. குறித்துக்கொண்டேன்.

இப்போது மணி இரண்டேகால். ச வரிசையில் இருக்கிறேன்.